அம்மாவின் தலையில் அவரவர் இடம்

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு எந்த வரிசையில் நடந்தது என்பது மகளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. முதலில் அம்மா, சாப்பிட்டாயா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றாள் மகள். சாப்பிட்டிருக்கவில்லை. அடுத்து, குளியலறைக் குழாய் ஒழுகுவது நின்றதா என்று கேட்டாள். ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனதாகவும், போனபிறகு முன்பைவிட நன்றாக ஒழுகுவதாகவும் மகள் சொன்னாள். அம்மா சிரித்தாள். கைப்பேசித் திரையில் அந்தச் சிரிப்பு கொஞ்சம் உறைந்து நின்று, பிறகு நகர்ந்தது. கடல் தாண்டி வர அதற்கும் நேரம் பிடிக்கிறது.

பிறகு அம்மா தொண்டையைச் செருமினாள். கடையில் வாடிக்கைக்காரிகளிடம் ஏற்றிய விலையைச் சொல்வதற்கு முன்னால் செருமுகிற அதே செருமல்.

"இங்கயே இன்னும் ஒரு வருஷம் இருக்க முடியுமான்னு கேக்கறாங்க."

"யாரு கேக்கறாங்க?"

"எல்லாரும்தான்."

"நீ என்ன சொன்னே?"

"உன்கிட்ட கேட்டுச் சொல்றேன்னு சொன்னேன்."

கேட்பதற்கு முன்பே சரி என்று சொல்லியாகிவிட்டது என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. மகள் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. கோபம் வந்தால் வேறு எதையாவது பேசுவது அவள் வழக்கம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அம்மாவின் தலையில் சுற்றியிருக்கும் துண்டு அப்போது பார்த்து நழுவியது.

"உன் முடிக்கு என்ன ஆச்சு?"

அம்மா கையைத் தூக்கித் தலையைத் தடவிக்கொண்டாள். இடுப்புக்குக் கீழே தொங்கிய கூந்தல் அது. இப்போது ஒரு பக்கம் காதோடு நின்றது, இன்னொரு பக்கம் தோள் வரை வந்தது, நடுவில் எலி கடித்த துணி போல் இருந்தது.

"பசங்க வெட்டினாங்க."

"பசங்களா? எதுக்கு?"

"சும்மாதான். கேட்டாங்க, குடுத்தேன்."

பென்சில் கேட்டவனுக்குப் பென்சில் கொடுத்தது போல் சொன்னாள். மகள் மேற்கொண்டு கேட்பதற்குள் திரையில் ஒரு சின்னக் கை நுழைந்தது. "கண்ணு, கண்ணு" என்று ஒரு குரல் கூப்பிட்டது. அம்மா திரும்பினாள். கைப்பேசி மேசையில் மல்லாந்து விழுந்தது. சுற்றாத மின்விசிறி ஒன்று கொஞ்ச நேரம் தெரிந்தது. பிறகு அதுவும் போயிற்று.

கண்ணு என்பது அம்மா மகளைக் கூப்பிடும் பெயர். உலகத்தில் பாதிப் பேர் தங்கள் பிள்ளைகளைக் கூப்பிடும் வார்த்தைதான். ஆனால் அம்மா கடைக்கு வரும் குழந்தைகளையெல்லாம் பாப்பா என்றுதான் கூப்பிடுவாள். கண்ணு என்பதை மகளுக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்தாள். அப்படித்தான் மகள் அதுவரை நினைத்திருந்தாள்.

அம்மா பெண்களுக்கு முடி வெட்டுகிறவள். மகளுக்கு நடக்கத் தெரிவதற்கு முன்பே அப்பா நடையைக் கட்டிவிட்டார் என்பது சித்தி சொல்லும் கணக்கு. அதன்பின் அம்மா ஒரு பார்லரில் தரையில் கிடக்கும் முடியைக் கூட்டும் வேலைக்குச் சேர்ந்தாள். கூட்டுகிறவள் தலை அலசுகிறவள் ஆனாள், அலசுகிறவள் வெட்டுகிறவள் ஆனாள். பிறகு ஒரு மாடிப்படியின் கீழே, நகல் எடுக்கும் கடைக்கும் பல் மருத்துவருக்கும் நடுவே, ஒற்றை அறையை வாடகைக்குப் பிடித்துச் சொந்தமாகக் கடை போட்டாள். இரண்டு நாற்காலி, ஒரு நீளக் கண்ணாடி. கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு திரை. திரைக்குப் பின்னால் ஒரு பாய், ஒரு அடுப்பு, மகளின் புத்தகப் பை. மகள் வீட்டுப்பாடம் எழுதியதும் தூங்கியதும் கத்தரிச் சத்தத்தில்தான்.

அந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை. அம்மாவின் கூந்தல்தான் பெயர்ப்பலகை. கருகருவென்று, ஒரே அளவாக, இடுப்பைத் தாண்டித் தொங்கும். வருகிறவர்கள் எல்லாம் என்ன எண்ணெய் என்று கேட்பார்கள். அதைச் சொல்லிவிட்டால் கடையை மூடிவிட்டு எண்ணெய் விற்கப் போக வேண்டியதுதான் என்பாள் அம்மா. சின்ன வயதில் ஒரு நாள் மகள் ஸ்டூலில் ஏறி நின்று அந்தக் கூந்தலில் சீப்பை வைத்தாள். அம்மா அப்போதுதான் கடைசி வாடிக்கைக்காரியை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"விடு கண்ணு. நாள் பூரா ஊரார் தலையோட மல்லுக்கட்டறேன். என் தலையையாவது சும்மா விடு."

கோபமாகச் சொல்லவில்லை. அலுப்பாகச் சொன்னாள். மகள் ஸ்டூலிலிருந்து இறங்கிவிட்டாள். பிறகு கேட்கவில்லை.

மகளின் தலைமுடியை அம்மா எப்போதும் காதோடு ஒட்ட வெட்டிவிடுவாள். பின்னிவிட நேரமில்லை. வகுப்பில் மற்றப் பெண்களின் அம்மாக்கள் காலையில் உட்கார வைத்து, சிக்கெடுத்து, வலிக்க வலிக்க இழுத்துப் பின்னி அனுப்புவார்கள். அந்தப் பெண்கள் வலியைப் பற்றிப் புகார் சொல்லும்போது மகளுக்குக் கேட்கவே பிடிக்காது. பின்வரிசைக்காரி ஒருத்தி அவளை வருஷம் முழுக்க "தம்பி" என்றே கூப்பிட்டாள்.

கல்லூரிக்குப் போனதும் மகள் முடி வெட்டிக்கொள்வதை நிறுத்தினாள். காரணம் யாருக்கும் சொல்லவில்லை. இப்போது அவளுக்கும் இடுப்பைத் தாண்டித் தொங்குகிறது. அலுவலகத்தில் என்ன எண்ணெய் என்று கேட்கிறார்கள்.

அம்மாவைக் கடல் தாண்டி ஒரு வெளிநாட்டுப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனது ஒரு வாடிக்கைக்காரி. ஓய்வுபெற்ற நர்ஸ். வருஷத்துக்கு ஒரு முறை அங்கே போய்ச் சம்பளம் வாங்காமல் வேலை செய்துவிட்டு வருவார். ரயில் நிலையத்திலும் சந்தையிலும் தெருவிலும் கிடந்த பிள்ளைகளைக் கொண்டுவந்து தங்க வைத்துப் படிக்க வைக்கிற பள்ளி அது. அங்கே எல்லாமே நடந்துவிடுகிறது, முடி வெட்டுவதுதான் பெரிய பாடு என்று நர்ஸ் சொன்னார். ஒரு பிள்ளைக்கு வெட்ட நாலு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அம்மாவின் கத்தரி பாதியில் நின்றது.

"நாலு பேரா?"

அவ்வளவுதான் கேட்டாள். சில மாதங்களில் கடையை உதவிக்காரப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, ஒரு வருஷத்துக்கு என்று கிளம்பிவிட்டாள். இத்தனை வருஷம் உழைத்த அம்மாவுக்கு ஒரு மாறுதல் வேண்டும்தானே என்று மகள் பெருந்தன்மையாக நினைத்துக்கொண்டாள். அந்தப் பெருந்தன்மையை ஒரு வருஷத்துக்குத்தான் போட்டு வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு முடிந்ததும் சித்திக்குப் போன் செய்தாள். சித்தி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"சின்ன வயசுல தம்பி வேணும், தங்கச்சி வேணும்னு அழுதியே. இப்ப மொத்தமா வந்திருக்கு. எடுத்துக்கோ."

மறுநாள் மகள் அலுவலகத்தில் விடுப்புக்கு எழுதிக் கொடுத்தாள். போவதற்கு ஒரு டிக்கெட், வருவதற்கு இரண்டு டிக்கெட் வாங்கினாள். இரண்டாவதைப் பற்றி அம்மாவிடம் மூச்சுவிடவில்லை.

பள்ளி ஊருக்கு வெளியே, முன்பு கிடங்காக இருந்த நீளமான கட்டடத்தில் நடந்தது. கீழே வகுப்புகள், மேலே படுக்கைகள், பின்னால் தகரக் கூரை போட்ட சாப்பாட்டு அறை, அதற்கும் பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு மதில். மகள் பெட்டியை இழுத்துக்கொண்டு உள்ளே நுழைந்ததும் பிள்ளைகள் ஓடிவந்து சூழ்ந்துகொண்டு "கண்ணு, கண்ணு" என்று கத்தினார்கள். தன் பெயரை அம்மா சொல்லி வைத்திருக்கிறாள் என்று ஒரு கணம் அவளுக்கு மனம் குளிர்ந்தது. அதைச் சமையல்காரர் வந்து கெடுத்தார்.

சமையல்காரர் நம் மொழிக்காரர். கப்பல் சமையலறையில் வேலை பார்த்தவர், காய்ச்சலோடு இங்கே இறங்கியவர், குணமான பிறகும் கப்பல் ஏறவில்லை. பிள்ளைகளின் மொழியில் அம்மாவுக்குத் தெரிந்தது கொஞ்சம் வார்த்தைகள்தான். மீதிக்கெல்லாம் அவர்தான் வாய்.

"உங்கம்மா வந்த அன்னைலேர்ந்து எல்லாரையும் கண்ணு கண்ணுன்னு கூப்பிட்டாங்களா, இதுங்க வணக்கம் சொல்றாங்கன்னு நெனச்சுக்கிச்சுங்க. போன மாசம் வந்த அதிகாரிக்கும் கண்ணுதான். அவரும் திருப்பிச் சொல்லிட்டுப் போனார்."

அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். மகளைக் கட்டிக்கொண்டாள். அவள் தோளுக்கு மேலே அந்தத் தலையை மகள் பார்த்தாள். திரையில் பார்த்ததைவிட நேரில் மோசமாக இருந்தது.

அம்மா வேலை செய்த இடம் முன்பு துணி தேய்க்கும் அறை. அலுவலகம் ஒன்று கழித்துப்போட்ட சுழல் நாற்காலி, சுவரில் சாய்த்த ஒரு கண்ணாடி, ஒரு கைக்கண்ணாடி, தண்ணீர் தெளிக்கும் பாட்டில். அங்கே அவள் வைத்திருந்த முறை வேறெந்தக் கடையிலும் இருக்காது. புதிதாக வருகிற பிள்ளையை நாற்காலியில் உட்காரச் சொல்ல மாட்டாள். தானே உட்காருவாள். முனை மழுங்கிய கத்தரியைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு முதுகைக் காட்டிக்கொள்வாள். பிள்ளை எங்கே வேண்டுமானாலும் வெட்டலாம், எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டலாம். அம்மா அசையமாட்டாள். வெட்டி முடித்ததும் எழுந்து, இப்போது என் முறையா என்று கையாலேயே கேட்பாள். இல்லை என்று தலையாட்டினால் சரி, நாளைக்குப் பார்க்கலாம். உட்கார்ந்தால் கைக்கண்ணாடி பிள்ளையின் கையில் இருக்கும். பிள்ளை கண்ணாடியைக் கீழே இறக்கினால் கத்தரி நின்றுவிடும். யாரும் யாரையும் பிடிப்பதில்லை.

"முன்னாடி நான்தான் கால் பக்கம் புடிப்பேன்" என்றார் சமையல்காரர். "கடிச்ச தழும்பு இருக்கு, பாக்கறீங்களா?"

பார்க்க வேண்டாம் என்றாள் மகள்.

தலையில் அவரவர் வெட்டிய இடம் அவரவருக்குத் தெரிந்திருந்தது. முதல் நாள் சாப்பாட்டு வரிசையில் ஒரு பையன் அம்மாவின் காதுக்குப் பின்னால் முடியை விலக்கி, விரலை வைத்து, மகளைப் பார்த்துப் பெருமையாக எதையோ சொன்னான். இது என்னுடையது என்கிறானாம். அடுத்தவள் உச்சிக்குப் பக்கத்தில் காட்டினாள். இன்னொருத்தி நெற்றியோரம். சொந்த வீட்டைக் காட்டுகிறவர்கள் போல வரிசையாக வந்து காட்டினார்கள். அம்மா தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, மாடு மாதிரி தலையைக் குனிந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். மகள் ஒவ்வொன்றுக்கும் சிரித்து வைத்தாள். 

காலையில் அதைவிட மோசம். வகுப்புக்கு முன்னால் பெண் பிள்ளைகள் அம்மாவின் எதிரே ரயில் பெட்டிபோல் ஒருத்தி பின்னால் ஒருத்தி உட்கார்ந்துகொள்வார்கள். அம்மா ஒவ்வொரு தலையாகச் சிக்கெடுத்து, வகிடு எடுத்து, பின்னிவிடுவாள். ஒருத்தி ஒற்றைப் பின்னல் கேட்பாள், பின்னி முடித்ததும் இரட்டைப் பின்னல் வேண்டும் என்பாள். அம்மா அவிழ்த்துவிட்டு மறுபடி பின்னுவாள். ஒரே ஒரு தலைக்கு நேரமில்லாதிருந்தவள். மகள் கதவோரம் நின்று அந்த நிதானத்தைப் பார்ப்பாள். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ கேட்டே விட்டாள்.

"இங்க மட்டும் எப்படிம்மா உனக்கு நேரம் கெடைக்குது?"

அம்மா யோசித்தாள். "இங்க வாடகை இல்லையே" என்றாள்.

உண்மையான பதில்தான். உண்மையாக இருந்ததால் அதை வைத்துச் சண்டை போடவும் முடியவில்லை.

அன்றைக்கே டிக்கெட் விஷயத்தையும் சொன்னாள். அம்மா துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பு நிற்கவில்லை.

"தேதி மாத்த முடியுமா?"

"முடியாது" என்றாள் மகள். முடியும்.

"பாக்கலாம்" என்றாள் அம்மா. சின்ன வயதில் மிதிவண்டி கேட்டபோதும் அதைத்தான் சொன்னாள். மிதிவண்டி வரவில்லை.

இன்னும் அந்த நாற்காலிக்கு வராத பிள்ளை ஒருத்தி இருந்தாள். வெயிலிலும் புருவம் வரை இழுத்துவிட்ட கம்பளிக் குல்லாய். அதைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை. முன்பு இருந்த வேறொரு இடத்தில், போன அன்றே பிடித்து அமுக்கி மொட்டை அடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வளர்ந்த முடி குல்லாய்க்குள் சடைபிடித்துக் கிடந்தது. பின்மதிலின் மேலேயே உட்கார்ந்திருப்பதால் சமையல்காரர் அவளுக்குப் பூனை என்று பெயர் வைத்திருந்தார். அம்மா வந்த பிறகு பூனை மதிலை விட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு வந்தாள். தொட்டியிலிருந்து வராந்தாத் தூணுக்கு. இப்போது அறைக் கதவுக்கு வெளியே வந்து உட்காருகிறாள். அவளைப் பார்க்காதே, பார்த்தால் போய்விடுவாள் என்று அம்மா மகளிடம் சொல்லியிருந்தாள்.

அம்மாவின் பிடரியில் ஒரே ஒரு கற்றை மட்டும் பழைய நீளத்தில், கறுப்பாக, இடுப்பைத் தாண்டித் தொங்கியது. எலி வால் போலத் தனியாகத் தெரியும். அது பூனையுடையது என்று பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். யாரும் தொடமாட்டார்கள். மகள் வந்த அன்றே ஒரு பொடியன் சொல்லிவிட்டான், சமையல்காரர் அதை மகளுக்கு மொழிபெயர்த்தும் விட்டார்.

ஒரு மத்தியானம். பிள்ளைகள் வகுப்பில் இருந்தார்கள். அம்மா குளித்துவிட்டு வந்து சுழல் நாற்காலியில் உட்கார்ந்தாள். அன்றைக்குத் தோள்பட்டை வலியில் கை தலைக்கு மேலே போகவில்லை.

"கண்ணு, கொஞ்சம் சிக்கெடுத்து விடேன்."

மகள் சீப்பை எடுத்தாள். அந்தத் தலையை வாருவது வாழ்க்கையில் முதல் தடவை. அம்மாவின் தலை சூடாக இருந்தது. வலது காதுக்கு மேலே ஒரு பழைய தழும்பு இருந்தது. அப்படி ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். தலையின் பாரம் மெல்ல மெல்ல மகளின் கைக்கு வந்தது. மகள் மிக மெதுவாக வாரினாள். ஆனால் சீப்பு கொஞ்ச தூரம் போவதற்குள் ஒரு பள்ளத்தில் விழுந்தது. காதுக்குப் பின்னால் அந்தப் பையன். உச்சியில் ஒருத்தி. நெற்றியோரம் ஒருத்தி. எங்கே வைத்தாலும் யாரோ ஒருவர் ஏற்கனவே இருந்தார்கள்.

"நுனியெல்லாம் கொஞ்சம் சமம் பண்ணி விடட்டுமா?"

"ம்" என்றாள் அம்மா, பாதித் தூக்கத்தில்.

மேசை ஆடுகிறது என்று அதன் காலை அறுக்க ஆரம்பித்தவன் கதை அது. இடதைச் சரிசெய்தால் வலது நீளம், வலதைச் சரிசெய்தால் பின்பக்கம் நீளம். ஒவ்வொரு பள்ளமும் தரைமட்டமாக ஆக, மகளின் கைக்கு ஒரு வேகம் வந்தது. சீப்பு, இரண்டு விரல், கத்தரி. திரைக்குப் பின்னாலிருந்து பார்த்துப் பார்த்துக் கைக்கு ஏறியிருந்த வேலை. கடைசியில் பிடரிக் கற்றை மட்டும் மிஞ்சியது. அது யாருடையது என்று அவளுக்குத் தெரியும். கொஞ்ச நேரம் விரல்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மாவின் பழைய கூந்தலில் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். அவளைத் தொடவிடாத கூந்தல். வெட்டினாள்.

கதவுப் பக்கம் நிழல் ஆடியது. பூனை நின்றிருந்தாள். ஒரு கால் அறைக்கு உள்ளே இருந்தது. அதுவரை அவள் அவ்வளவு தூரம் வந்ததில்லை. தரையில் கிடந்த கற்றையைப் பார்த்தாள். மகளின் நீளப் பின்னலைப் பார்த்தாள். பிறகு உள்ளே வைத்த காலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஓடக்கூட இல்லை.

அம்மா விழித்தாள். கை நேராகப் பிடரிக்குப் போயிற்று. அங்கேயே இருந்தது. எழுந்து கண்ணாடியில் பார்த்தாள்.

"நல்லா வெட்டியிருக்க. கை சுத்தமா இருக்கு" என்றாள்.

துடைப்பத்தை எடுத்துத் தானே கூட்டினாள். கற்றையை மட்டும் தனியாக எடுத்து ஒரு கணம் பார்த்துவிட்டு, மற்ற முடியோடு சேர்த்துக் கூடையில் போட்டாள். திட்டியிருந்தால் மகளுக்கு வசதியாக இருந்திருக்கும்.

சாயங்காலம் சாப்பாட்டு வரிசையில் பிள்ளைகள் அம்மாவின் தலையைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்கள். காதுக்குப் பின்னால் வெட்டிய பையன் வந்து விரலால் தடவித் தேடினான். ஊருக்குத் திரும்பி வந்தவன், வீடு இருந்த இடத்தில் வெறும் மண் கிடந்தால் எப்படித் தேடுவானோ அப்படி. சமையல்காரரிடம் எதையோ கேட்டான். அவர் கரண்டியோடு நின்றார்.

"என் இடம் எங்கன்னு கேக்கறான்."

அம்மா அவன் விரலைப் பிடித்து அதே இடத்தில் வைத்தாள். இங்கேதான், வளரும் என்று தனக்குத் தெரிந்த வார்த்தைகளில் சொன்னாள். அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. இருந்தாலும் தட்டை நீட்டினான். சமையல்காரர் மகளுக்கு சூப்பை ஊற்றும்போது முகத்தைப் பார்க்கவில்லை.

"எல்லாருக்கும் இருந்த இடம் போச்சு. உங்களுக்கு மட்டும் மொத்தத் தலையும் கெடைச்சுது" என்றார்.

பூனை மறுபடி மதிலுக்குப் போய்விட்டாள். தொட்டிக்கும் வரவில்லை, தூணுக்கும் வரவில்லை. அம்மா வழக்கம்போல் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு வேலை செய்தாள். அந்த வாரம் முழுக்க மகளிடம் நன்றாகத்தான் பேசினாள். சாப்பிட்டாயா என்று கேட்டாள். ஒவ்வொரு தடவையும் மகளுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைத் திரை நினைவுக்கு வந்தது. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே கடலுக்கு அப்பாலிருந்து பேசுவது போலிருந்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள் மகள் பெட்டியை அடுக்கினாள். அம்மாவின் பெட்டி கட்டிலுக்கு அடியில் அப்படியே கிடந்தது.

"நீ வரலைதானே?"

அம்மா கட்டிலில் உட்கார்ந்தாள். "பூனை நாற்காலில உக்காந்துட்டா கெளம்பிடணும்னுதான் இருந்தேன். எவ்வளவு நாள் ஆகும்னு தெரியலை. அதான் ஒரு வருஷம்னு சொல்லி வெச்சேன். கதவு வரைக்கும் வந்துட்டாளா, உன்கூடவே வந்துடலாம்னு நெனச்சேன்."

மகள் மடித்த சட்டையை மறுபடி மடித்தாள். வீட்டுக்கு வர இருந்த அம்மாவைத் தன் கையாலேயே வெட்டிக் கூடையில் போட்டிருக்கிறாள். அது புரிந்ததும் வர வேண்டிய வருத்தத்துக்குப் பதில் பழைய கோபம்தான் வந்தது. இந்தத் தடவை வேறு எதையாவது பேச அவளுக்குத் தோன்றவில்லை.

"எனக்கு ஒரு நாளாவது பின்னி விட்டிருக்கியா?"

"இல்ல."

"உன் தலையைத் தொட விட்டிருக்கியா?"

"இல்ல."

"இதுங்க வெட்டறதுக்கே குடுக்கறே."

அம்மா தன் குட்டை முடியைத் தடவிக்கொண்டாள். "நீ கத்தரிச் சத்தத்துல தூங்கின பொண்ணு. உனக்குப் பயமே கெடையாது. பயப்படாத பிள்ளைக்கு ஒண்ணும் தர வேண்டாம்னு இருந்துட்டேன் போல." பிறகு, "எனக்கு அப்ப அலுப்பு, கண்ணு" என்றாள்.

மகள் பெட்டியை மூடினாள்.

மறுநாள் காலை பிள்ளைகள் வகுப்புக்குப் போன பிறகு அம்மா அவளை அறைக்குக் கூப்பிட்டாள். வண்டி வர நேரம் இருந்தது. தான் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, மகளைத் தரையில் முதுகைக் காட்டி உட்கார வைத்தாள். பின்னலை அவிழ்த்தாள். கூந்தல் தரை வரை விழுந்தது. அம்மா ஒன்றும் சொல்லாமல் இரண்டு கையிலும் அள்ளித் தூக்கி எடை பார்ப்பது போல் பார்த்தாள்.

"என்ன எண்ணெய்?" என்றாள்.

மகளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. "அதைச் சொன்னா நான் வேலையை விட்டுட்டு எண்ணெய் விக்கப் போகணும்."

அம்மா சிக்கெடுத்தாள். நுனியிலிருந்து தொடங்கி, வலிக்காமல், அவசரமில்லாமல். வகிடு எடுத்த சீப்பின் பல் தலையில் கோடு போட்டுக்கொண்டு போனது. பள்ளிக்கூடத்துப் பெண்கள் புகார் சொன்ன வலி எங்கே என்று மகள் காத்திருந்தாள். வரவில்லை. வண்டி வராமலே இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். எதிரே கண்ணாடியில் அம்மாவின் கையும் தன் முகமும் தெரிந்தன. அவற்றுக்குப் பின்னால் திறந்த கதவும், கதவுக்கு அப்பால் வெயிலும், மதிலும்.

மதிலின் மேல் யாரும் இல்லை.

பூனை தூண் பக்கம் நின்றிருந்தாள். மகள் மூச்சை அடக்கிக்கொண்டாள். பார்த்தால் போய்விடுவாள். சீப்பு போய்க்கொண்டே இருந்தது. அடுத்து மகள் கண்ணை உயர்த்தியபோது குல்லாய் கதவருகே இருந்தது. அதற்குக் கீழே இரண்டு கண்கள் தரை வரை விழுந்து கிடந்த கூந்தலையே பார்த்துக்கொண்டிருந்தன. அம்மாவும் கண்ணாடியில் அதைத்தான் பார்த்தாள். சீப்பு நின்றது.

எத்தனையோ வருஷம் கழித்துக் கிடைத்த சீப்பு அது.  அம்மா பின்னலை அவிழ்த்தது மகளுக்காகவா, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவிழ்த்தது பூனைக்காகவா? 

அம்மா குனிந்தாள். அவள் மூச்சு மகளின் காதில் பட்டது. ரகசியம் போல, தொண்டையைச் செருமாமல் கேட்டாள்:

"என்கிட்ட குடுக்க இனிமே ஒண்ணும் இல்ல. நீ எழுந்து இந்த நாற்காலில உக்காருறியா, கண்ணு? எங்க வேணும்னாலும் வெட்டுவா, எவ்வளவு வேணும்னாலும் வெட்டுவா. நீ மட்டும் தலையை ஆட்டாம இருக்கணும்."